குடிக்கவே செய்யலாம் என்றேன்

அடையாறில் எங்கள் ஆய்வகத்தைப் பொதுமக்கள் பார்க்க வருகிற நாள். தி.நகரிலிருந்து அப்பாவும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

செம்பருத்தி இதழிலிருந்து சிவப்பை எடுப்பது என் வேலை. சர்க்கரையையும் எலுமிச்சை உப்பையும் கொஞ்சம் தண்ணீரோடு சூடாக்கினால் தேன் போல ஒரு திரவம் கிடைக்கும், ஆறினாலும் உறையாது. சாயத்தைப் பிரிக்க அதுவே போதும், மெத்தனால் மாதிரி விஷம் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு, கூட்டம் தலையாட்டிய உற்சாகத்தில், "எல்லாம் சமையலறைச் சாமான்தான், குடிக்கவே செய்யலாம்" என்றேன். யார் என்னை அதைச் சொல்லச் சொன்னது?

"அப்போ கொஞ்சம் குடிச்சுக் காட்டுங்க மேடம்" என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

"லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாது, அது ரூல்" என்று மழுப்பினேன். ரூல் உண்மைதான். ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

என் முகம் வாடினால் அப்பாவுக்குத் தாங்காது. "கொடும்மா, நான் குடிக்கிறேன்" என்று மேசையில் அந்தச் சிவப்புத் திரவம் இருந்த பீக்கரை எடுத்துவிட்டார். நேற்று அதே பீக்கரில் என்ன விஷம் கொதித்தது என்று எனக்குத்தானே தெரியும். உதட்டை எட்டுமுன் பிடுங்கினேன். "உனக்கு அறிவு இருக்காப்பா?" என்று கத்தியும் விட்டேன். சிவப்பு அவர் சட்டையில் சிந்தியது.

திரும்பும் பஸ் நந்தனம் சிக்னலில் நின்றது. கறையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்போ அது சர்க்கரை இல்லையாம்மா?"

சர்க்கரைதான். கைக்குட்டையை எடுத்து அந்தக் கறையைத் துடைக்க ஆரம்பித்தேன்.