அரப்பு போட்டுக் கழுவிய கல்

கும்பாபிஷேகத்துக்குப் பலகை ஒன்று வைக்கப்போகிறோம், கொங்கு நாட்டின் போர், வணிகம், கலை எல்லாம் வருகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் குலதெய்வக் கோயில் கமிட்டியில் கேட்டபோது எனக்கு அலுப்புதான் வந்தது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் கோயமுத்தூரைச் சுற்றி எந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் என் போன் அடிக்கும். எல்லோருக்கும் வேண்டியது ஒரே வரலாறு. ஒரு ராஜா வந்திருக்க வேண்டும், ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும், அதில் நம் முன்னோர் முன்வரிசையில் நின்றிருக்க வேண்டும். நம் ஆட்கள் சும்மா வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினால் ஒரு காப்பி கூடக் கிடைக்காது.

இத்தனைக்கும் இங்கே நடந்த சண்டைகளில் பாதி எங்களுடையதே அல்ல. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அந்த வழி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மிளகும் ரத்தினக் கல்லும் கடல் தாண்டி வந்த பொன்னும். அதற்காகச் சேரன் வந்தான், சோழன் வந்தான், பாண்டியன் வந்தான், மைசூர்க்காரர்கள் வந்தார்கள், கடைசியில் கம்பெனிக்காரனும் வந்தான். நாங்கள் கம்பு விதைத்தோம், அவர்கள் குதிரை தின்றது. ஆயுசு முழுக்க வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கோயில் கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சி போகும் வழியில் ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கோயில் என்றால் ஓட்டுக் கூரைக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரே ஒரு கல். தலைமுறை தலைமுறையாக விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசிக் கரிய மொத்தையாகிப் போன கல். அதன் பக்கவாட்டில் ஏதோ ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஓங்கிய வாள் என்று சொல்லுவார்கள். அதனால் சாமிக்கு வாள்காரய்யன் என்று பெயர். வருஷா வருஷம் வேட்டி கட்டி, துண்டு போட்டு, சுருட்டுப் பற்ற வைத்து, கிடா வெட்டுவோம். நானும் அந்தச் சுருட்டுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவன்தான்.

குடமுழுக்குக்கு முன்பாகக் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். மணலை அடித்துச் சுரண்டும் மெஷின் வைக்கலாம் என்றார்கள். வேண்டாம், செதுக்கியதெல்லாம் போய்விடும் என்று சண்டை போட்டு நிறுத்தினேன். சரி, தலை எண்ணெய் போக நாம் என்ன தேய்க்கிறோமோ அதையே சாமிக்கும் தேய்ப்போம் என்று முடிவாயிற்று. சுடுதண்ணீரும் அரப்புத்தூளும் போட்டு மூன்று பேர் காலையிலிருந்து தேய்த்தார்கள். மதியத்துக்குள் பிசுக்கு அடை அடையாகக் கழன்று விழுந்தது. உள்ளே வாளும் இல்லை, அய்யனும் இல்லை. ஒரு தூண், அதிலிருந்து கிளைத்து மேல்நோக்கி மடங்கிய ஒரு கை, கை நிறைய வளையல். தூணை ஒட்டி ஒரு பெண்ணின் சின்ன உருவம்.

கமிட்டித் தலைவர் எனக்குப் பெரியப்பா மகன், பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறார். அவர் கல்லை ஒரு சுற்று சுற்றிவந்து குனிந்து பார்த்தார்.

"ஏந்தம்பி, பொம்பளைக்கா இத்தன நாளா சுருட்டு குடுத்தோம்?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு சொன்னேன். "இது மாஸ்திக்கல்லுங்ணா. சண்டையிலயோ, மாடு புடிச்சுட்டுப் போறவங்கள மறிச்சோ புருசன் செத்திருப்பான். அவங்கூடத் தீயில எறங்குன பொண்ணுக்கு வச்ச கல்லு. வளையல் போட்ட கை அதுக்குத்தான் அடையாளம்."

கமிட்டி கலைந்து போகும், புதுக் கல்லுக்குச் சிற்பியிடம் சொல்லி அனுப்புவார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பத்தினித் தெய்வம், நம்ம குலத்துக்கு இப்படி ஒரு பெருமையா என்று ஆளாளுக்கு போன் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வேட்டி போய்ப் பட்டுச்சீலை முடிவாயிற்று. குலத்தில் பிறந்த பெண்களில் மூத்தவள்தான் முதல் சீலை கட்ட வேண்டும் என்றும் பேசினார்கள். பிறந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் அந்த உரிமை உண்டு. கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதும் அவள்தானே. இருப்பவர்களில் மூத்தவள் என் அக்கா.

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாமா இறந்து இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என்ன கலர், எத்தனை முழம், கல்லுக்கு எப்படிக் கொசுவம் வைப்பது என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடமுழுக்குக்கு முன்தினம் கமிட்டித் தலைவரான அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்கக்கா தப்பா நெனைக்க மாட்டாங்க. மொதச் சீலைய சுமங்கலி கட்டுனாத்தான் நல்லதுன்னு பெரியவிய சொல்றாங்க."

"கல்லே புருசன் செத்தவளுக்கு வச்சதுதானுங்ணா."

"அவிய தாலியோட போனவிய, தம்பி" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. எங்கள் ஊரில் யாரையும் மரியாதைக் குறைவாக ஒதுக்க மாட்டார்கள், 'ங்க' போட்டுத்தான் ஒதுக்குவார்கள். கத்தினேன், நான் எழுதிக் கொடுத்ததைப் பலகையில் போடக் கூடாது என்றுகூடச் சொன்னேன். அதற்குள் பலகை அடித்து முடித்துவிட்டார்கள். அடுத்து நான் அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "ஆகட்டும் போ. எனக்கும் முட்டி வலி, நின்னு கட்ட முடியாது" என்றாள். அவளுக்கு முட்டி வலி கிடையாது, எனக்குத்தான்.

மறுநாள் தீர்த்தக்குடம் வந்தது, மேளம் முழங்கியது, எனக்கு மகள் வயசிருக்கும் ஒரு பங்காளி வீட்டுப் பெண் சீலை கட்டினாள். அக்கா வேப்ப மரத்தடியில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். போ என்று அவளை யாரும் சொல்லவில்லை, அவளே ஒதுங்கிக்கொண்டாள். பலகையில் என் பெயரைப் போட்டு, போர், வணிகம், கலை என்று பெரிய எழுத்தில் பதித்திருந்தார்கள். நாலு பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

அக்காவைக் கிணத்துக்கடவில் இறக்கிவிடக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் வீட்டுத் தெரு திரும்பும்போது கேட்டாள்.

"அவ மூஞ்சி எப்பிடி இருக்குது, தம்பி?"

"ஆருக்குங்க்கா?"

"அந்தக் கல்லுல இருக்கறவளுக்கு. அங்கிருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒருக்காப் பாத்துப்போட்டு வந்திருக்கலாம்."

வண்டியைத் திருப்பினேன். அவள் தடுக்கவில்லை.

பந்தலில் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து வந்து, "வாங்கம்மணி, சாப்புட்டீங்களா?" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு நேரே உள்ளே போனாள். யாரும் மறிக்கவில்லை. பட்டும் மாலையும் எலுமிச்சையுமாகக் கல்லே தெரியவில்லை. அவள் குனிந்து கல்லுக்குக் கட்டிய சீலையின் முந்தானையை ஒதுக்கினாள். முகம் தேய்ந்துபோய் மொழுக்கென்று இருந்தது. மூக்கு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் மேடு. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வளையல் போட்ட அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைச் சுற்றி அவள் விரல்கள் வளைந்து, நுனிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"சின்னப் புள்ளையா இருக்கறாளே" என்றாள்.

கல்லின் அளவுக்குத் தக்கபடி கையைச் சின்னதாகச் செதுக்குவது வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனம் வரவில்லை.

வாசலில் நின்ற அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "சாமிங்கம்மணி அது. அப்பிடியெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"சாமிதானுங்ணா" என்றாள் அக்கா. கையை விடவில்லை. "அன்னைக்கு ஆராச்சும் இப்பிடி இவ கையப் புடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதான்னுதான் பாக்கறேன்."