மாமாவின் வரைபடத்தில் இல்லாத கோடு

என் மாமாவைப் பொலிசிடம் காட்டிக்கொடுத்தவள் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே கொப்பியைத் திறந்து ஊர் ஊராக வாசித்துக் காட்டினேன். அப்போது எனக்குப் பத்து வயது. வாசிப்பில் வகுப்பிலேயே நல்ல புள்ளி வாங்குகிறவள் என்ற திமிர் வேறு.

மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். எங்களுக்கு ஜேர்மனியில் விசா கிடைத்துவிட்டது. பிந்தி வந்த அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை செய்ய அனுமதியில்லாத மனிதர் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் அந்த வியாதி தொற்றியது.

யாரைக் கண்டாலும் "எந்த ஊர்?" என்று கேட்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. மாமா அதை நோர்ஸ் என்ற வட ஐரோப்பியப் பழங்கதைகளின் வீரர்களிடமும் கேட்கத் தொடங்கினார். அந்தக் கதைகளுக்குப் பின்னால் உண்மையான இடப்பெயர்வுகள் இருக்குமாம். சாட்சி, ஊர்ப்பெயர்கள். டென்மார்க்கில் 'லேவ்' என்று முடியும் ஊர்கள். நாங்கள் இருந்த பக்கத்தில் ஆஷர்ஸ்லேபன் போல 'லேபன்' என்று முடியும் ஊர்கள். ஆகவே ஒரு கூட்டம் பெயரையும் கதையையும் தூக்கிக்கொண்டு அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

"எங்கட ஆக்கள் கனடாவில கடைக்கு ஊர்ப்பேர் வைக்கேல்லையே? அதுதான்," என்பார்.

ஒரு சனிக்கிழமை உதவிக்கென்று என்னையும் கூட்டிப்போனார். உதவி என்றால், ஒவ்வோர் ஊர் எல்லையிலும் மஞ்சள் பலகைக்குக் கீழே நின்று பெயரைக் கொப்பியில் எழுதுவது. பஸ்ஸில் இரண்டு ஊர், நடந்து நான்கு. ஊருக்குள் போவதுகூட இல்லை, பலகையோடு சரி. அம்மா கட்டித் தந்த சம்பலும் பாணும் மூன்றாவது ஊரிலேயே முடிந்துவிட்டன.

"மாமா, கால் நோகுது."

"அவங்கள் மாடு கண்டோட நடந்து வந்தவங்கள் பிள்ளை. இன்னும் ஒண்டுதான்."

அந்த ஒன்றுதான் வில்லங்கம்; அது அடுத்த மாவட்டத்தில் இருந்தது. மாமாவின் கையில் இருந்தது, பழங்குடிகளின் பாதைகளைக் காட்ட அவரே கீறிய வரைபடம். ஆறுகள் இருந்தன, அம்புக்குறிகள் இருந்தன. மாவட்ட எல்லை இல்லை. விண்ணப்பம் முடியும்வரை, அனுமதிக் கடிதம் இல்லாமல் அவர் தன் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

ஆறாவது ஊரின் பஸ் தரிப்பில் ஒரு பொலிஸ்காரர் மாமாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். "இங்கே பக்கத்தில்தான்," என்றார் மாமா, ஜேர்மனில், மிகச் சின்னக் குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க இழுத்தடித்துவிட்டுப் பக்கத்திலாம். கொப்பியைத் திறந்தேன். பொலிஸ்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அம்மா வெடித்தாள். "அவனுக்குத்தான் விசர் எண்டால், உனக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிக்க ஏலாதே? இனி அவனைத் திருப்பி அனுப்பினா ஆர் பொறுப்பு?"

பிறகு ஒன்றரை வருடம், தபால்காரர் வரும் நேரமெல்லாம் நான் கழிவறைக்குள் இருந்தேன். மாமா அன்று காலையிலிருந்து தான் ஓர் அகதி என்பதையே மறந்திருந்தார் என்பதும், அதை அவருக்கு நினைவூட்டியவள் நான் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பம் கடைசியில் சரிவந்தது. மாமா இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். போன மாதம் அங்கே போய், முப்பது வருடக் குற்றவுணர்வை இறக்கிவைத்து மன்னிப்புக் கேட்டேன்.

மாமா தேநீரை உறிஞ்சினார். "அது பரவாயில்லை பிள்ளை. ஆனா நாலாவது ஊரையும் அஞ்சாவதையும் நீ மாத்தி எழுதியிருந்தனீ. அந்தப் பொலிஸ்காரன்ர கோப்பில இண்டைக்கும் பிழையாத்தான் கிடக்கும்."