அக்காவின் இரண்டு முன்பற்கள்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் புன்னகைக்கும் அம்மையார் யார் என்று நீங்கள் குழம்பியிருந்தால், குற்றம் உங்கள் கண்ணில் இல்லை.

ஒரத்தநாட்டுக்கு அருகே எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் வாழ்க்கைப்பட்டார். மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது அத்தானைப் பாம்பு கடித்தது. தாய்வீட்டுக்கு வரும்படி அழைத்தோம், வரவில்லை. மகனுடைய பங்கு நிலத்தில் தானே இறங்கி நின்று நடவு நட்டார்.

அந்த நிலம் தன் கைக்கு வந்துவிடும் என்று அவருடைய கொழுந்தனார் எதிர்பார்த்திருந்தார். வராததால், ஒரு சம்பாவின்போது, அக்காவின் தண்ணீர் முறை நாளில் மடையை அடைத்தார். அக்கா அதைத் திறக்கப் போனார். கொழுந்தனாரின் மண்வெட்டிப் பிடி அக்காவின் வாயில் 'பட்டது'. பஞ்சாயத்தில் எழுதிய சொல் அது. மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் போயின.

நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். எந்த மனுவை யாருக்கு, எத்தனை நகலோடு கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். அக்கா மறுநாளே பஸ் ஏறி வந்தார்.

"நீ எழுதிக் குடு தம்பி. நான் கையெழுத்துப் போடுறேன்."

"கேசு கீசுன்னு போனா என் வேலைக்கும் வம்புக்கா. பழச விட்டுடுங்க."

"பழசா? நேத்துதானடா நடந்துச்சு," என்றார், வாயில் துணியை அழுத்திக்கொண்டு. சாப்பிடாமல் திரும்பிப் போனார்.

மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போனதும் அக்காவைப் பல் கட்டிக்கொள்ளச் சொன்னார். டாக்டரிடம் நாள் வாங்கியது நான். அக்கா அசையவில்லை.

"தெனம் இந்தத் தெருவுலதான் அவரு போறாரு. நான் வாயத் தொறந்து சிரிச்சா தலையக் குனிஞ்சுக்கிறாரு. ஒங்க கச்சேரியில இதவிடப் பெரிசா என்னடா தண்டன குடுத்துருவீங்க?"

கடைசிவரை கொழுந்தனாரைக் கண்டபோதெல்லாம் வாய் நிறையச் சிரித்தார்.

கருமாதி பிளக்ஸுக்கு அக்காவின் மகன், என் மருமகன், தஞ்சாவூர் ஸ்டுடியோவில் ஒரு படத்தைக் கொடுத்தார். மோட்டார் கொட்டகை வாசலில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கும் படம். பத்திரிகை அட்டை போல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வந்த படத்தில் மோட்டார் கொட்டகை பனிமூட்டமாகிவிட்டது. நெற்றிச் சுருக்கம் இல்லை. தோல் பீங்கான் தட்டு. வெயிலில் கருத்த முகம் இரண்டு தலைமுறை நிழலில் வளர்ந்தது போல வெளுத்திருந்தது. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு வெளிச்சப் பொட்டு. வாயில் முழு வரிசைப் பற்கள்.

ஸ்டுடியோவில் படத்தைத் திருத்திய பெண்ணிடம் நேரிலேயே போய்க் கேட்டேன்: "பல்லு யாரோடதும்மா?"

"ஒரு கல்யாணப் பொண்ணோடது சார். ரொம்ப வெள்ளையா இருந்துச்சு, வயசுக்குத் தக்கன கொஞ்சம் மஞ்சளாக்கிட்டேன். நல்லா செட்டாயிருக்குல்ல?"

நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. அவருடைய தொழிலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கருமாதியன்று கொழுந்தனார் அந்த பிளக்ஸின் முன் வெகுநேரம் நின்றார். "அண்ணி எப்பவுமே லட்சணந்தான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அக்காவின் முகத்துக்கு நேரே அவர் தலை நிமிர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

இம்மலருக்கும் அதே படம் என்றார் மருமகன். பழைய படத்தைப் போடச் சொன்னேன்.

"வேணாம் மாமா. திதிக்கு சித்தப்பாதான் முன்ன நின்னு எல்லாம் பாக்குறாரு. அதப் போட்டா அவரு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடும்."

"அடிச்சது அவருதான் மாப்ள."

"பழச விட்டுடுங்க மாமா."

அந்த வாசகத்தை முதலில் சொன்னவன் நான்.

கடைசி மூன்று மாதம் அக்கா படுக்கையில் இருந்தபோது வேளை தவறாமல் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் காத்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், வீட்டுக்கே வந்து மருந்திட்ட செவிலியருக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், வெகுதூரத்திலிருந்து வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் கடைசி மெய்ப்புப் படியில் பிழை பார்த்து ஒப்பமிடும் வேலையை மருமகன் என்னிடம் விட்டார். ஒப்பமிட்டவர் சொன்னபடிதான் அச்சகத்தில் அச்சாகும், அதுதான் நடைமுறை. திருத்தாத படம் ஸ்டுடியோப் பெண்ணிடம் பத்திரமாக இருந்தது, கேட்டதும் கொடுத்தார். அட்டையை நான் தொடவில்லை. இக்கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் அந்தப் படத்தை வைத்து, கீழே ஒப்பமிட்டேன். மருமகன் என்னை மன்னிக்காமல் போகலாம். அக்காவும் மன்னித்ததாக என்னிடம் சொன்னதில்லை.

கொழுந்தனாருக்கு உரிய பிரதியை நானே எடுத்துச் செல்கிறேன். பக்கத்தைப் பிரித்துத்தான் கொடுப்பேன்.