வேலை போன முகம்

என் மாமியார் என்னைச் சிலுவையில் அறைந்தது தேயிலை விலை படுத்துக்கிடந்த காலத்தில். அப்போது நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேக்டரியில் டீ மேக்கர், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பு. சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையை வாங்கித் தூளாக்கி அனுப்புகிற இடம். பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டவில்லை என்று ஆனதும் அவர்கள் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை முதலாளி கேட்டைப் பூட்டி, "கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருடம் ஓடியது.

நானும் மனைவியும் மாமியார் வீட்டில்தான் இருந்தோம். அத்தை கான்வென்ட் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போன பிறகு இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள், ஒரு நாய் என்று எல்லோரையும் ஒரே குரலில் மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட சர்ச்சில் காலைப் பூசையைத் தவறவிடமாட்டார். ஆனால் பிரசங்கம் நீண்டால் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் சாமியாரை வரைய ஆரம்பித்துவிடுவார். காது மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கேட்டால், "நான் பெருசு பண்ணலீங்க, ஆண்டவர் பண்ணுனது" என்பார்.

அந்த வருடம் கோயிலில் இருந்த, இயேசு சிலுவை சுமந்து போவதைக் காட்டும் பழைய சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கிலும் பூஞ்சை ஏறிவிட்டது. சமவெளியிலிருந்து புதிதாக வாங்கலாம் என்றால், அந்தக் கோயில் பங்கில் இருந்த அத்தனை குடும்பமும் தேயிலையை நம்பியவை; யாரிடமும் காசு இல்லை. அத்தை பங்குச் சாமியாரிடம் போய், "நானே வரைஞ்சு தர்றேன், ஃபாதர். ஆனா யாரும் குறுக்க வரக்கூடாது" என்றார். பூட்டிய ஃபேக்டரியின் குடோனில் பழைய தேயிலை மரப்பெட்டிகள் கிடந்தன. தூளை அடைக்கச் சாக்குப் பை வந்த பிறகு அவற்றைத் தொடுவார் இல்லை. முதலாளியிடம் கேட்டு, படம் வரைய நானே பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். என் பங்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.

"மாப்ள, சட்டையக் கழட்டுங்க."

"எதுக்குங்கத்தை?"

"இயேசுவுக்கு ஆள் வேணும்."

"நான் இந்துங்கத்தை."

"அவரு மட்டும் கிறிஸ்தவரா? யூதரு. கழட்டுங்க."

பேங்கில் வேலை பார்க்கும் மூத்த மருமகனைக் கூப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை தலையை ஆட்டினார். "அவரு மூஞ்சியில சம்பளம் தெரியுது. எனக்கு வேலை போன மூஞ்சி வேணும். உங்களுக்கு அது தானா அமைஞ்சிருக்குது."

சமையலறையில் என் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எதையோ கீழே போட்டாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், மூன்று மாதமாக அந்த வீட்டில் ஒருவர்கூட "வேலை போச்சு" என்ற வார்த்தையை என் முன்னால் சொல்லவில்லை. "லீவுல இருக்காரு" என்றுதான் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள். அத்தைதான் முதலில் நேராகச் சொன்னார். முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அதற்குள் சிலுவைக்குப் பதிலாக சில்வர் ஓக் மரக்கட்டை ஒன்றைத் தூக்கி அதே முதுகில் வைத்துவிட்டார்.

குன்னூர்க் குளிரில் வெறும் மேலோடு கொல்லையில் நிற்பது என்பது தண்டனைதான். உடம்பெல்லாம் மயிர் கூச்செறியும். அத்தை அதையும் புள்ளி புள்ளியாக வரைந்துவைத்தார். பார்க்க வந்த சாமியார், "ஆண்டவருக்கு அம்மையா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போனார். ரோமானியப் படைவீரர்கள் எல்லோருக்கும் மூத்த மருமகனின் முகம். அவருக்குத் தெரியாமலே வைத்தார்.

சிலுவைப்பாதையில் இயேசு மூன்று முறை விழுகிறார். முதல் இரண்டு முறையும் நான் நடிப்பாக விழுந்தேன். மூன்றாவதற்கு நிற்கும்போது ஈரமண்ணில் கால் வழுக்கி நிஜமாகவே குப்புற விழுந்தேன். மரம் மேலே. மணிக்கட்டு மடிந்துவிட்டது.

"அப்புடியே இருங்க! அசையாதீங்க!" என்று அத்தை கத்தினார்.

மனைவி ஓடிவந்து, "அம்மா, அவரு கையப் பாரும்மா!" என்று அலறினாள்.

"பாத்துட்டுத்தானடி வரையறேன்!"

கையை வரைந்து முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பதினான்கில், மூன்றாவது முறை விழுகிற அந்த ஒன்பதாவது படம்தான் உயிருள்ளது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். வலி எனக்கு, பேர் அவருக்கு.

நான்காவது படம் மட்டும் நகரவில்லை. மகன் வழியில் தாயைச் சந்திக்கிற இடம் அது. அத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தையே வரைந்து பார்த்துக் கிழித்துப் போட்டார். "இது மகனைப் பாத்து அழுகற மூஞ்சி இல்ல. ரெண்டு போடு போடற மூஞ்சி."

என் அம்மா ஊட்டிக்கு அப்பால் நடுவட்டத்தில் இருந்தார். இளவயதில் சிலோனிலிருந்து வந்து, அரசுத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அங்கேயே தொழிலாளர்களின் லயத்து வீட்டில் என்னை வளர்த்தவர். நான் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதும், அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆறு வருடம் மிதிக்கவில்லை. நான் போனால் சோறு போடுவார், பேசமாட்டார்.

அத்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் காலை ஊட்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நடுவட்டத்துக்கு இன்னொரு பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கே நடந்ததை இரண்டு பேரும் பின்னால் எனக்குச் சொன்னார்கள். யார் முதலில் முறைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

"நான் உங்க மகனோட மாமியாருங்க" என்றதும் அம்மா கதவைப் பாதி சாத்தினாராம்.

மிச்சக் கதவைப் பிடித்துக்கொண்டு அத்தை சொன்னார்: "உங்க மகன் வெறும் மேலோட மரத்தைச் சுமந்துட்டு வர்றாரு. அவங்கம்மா எதுக்க வரோணும். படத்துக்குத்தானுங்க. நீங்க வரலீன்னா வேற ஒரு பொம்பளைய அம்மான்னு நிறுத்தோணும். பரவால்லீங்களா?"

அம்மா "வேற ஒருத்தி எதுக்கு?" என்றார். பிறகு கதவைத் திறந்தார். "ஒக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்." தேத்தண்ணி ஆறுவதற்குள் அத்தை அவர் முகத்தை வரைந்துகொண்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை அம்மா பஸ் பிடித்துத் தானாக வந்து கோயில் வாசலில் நின்றார். வேட்டி மாதிரி வெளுத்த சேலை, தலையில் முக்காடு. சாமியார் படம் படமாக ஜெபம் சொல்லிக்கொண்டு போக, கூட்டமும் பின்னால் நகர்ந்தது. நான்காவது படத்தில் அம்மா நின்றுவிட்டார். பலகையில் கொழுந்து பறிக்கிறவளின் தலைத்துணியோடு அவரே இருந்தார். கையை நீட்டி என் முகத்தைத் தொடப் போகிற மாதிரி.

எல்லோரும் முழங்காலிட்டு மௌனமாக இருந்த நேரம் பார்த்து அம்மாவின் குரல் எழுந்தது. "அடப்பாவி, எலும்ப எண்ணிரலாம் போல இருக்கே. ஏங்க, ஒங்க வீட்ல இவனுக்குச் சோறு போடுறதில்லயா?"

"போடறமுங்க. ஒட்டமாட்டேங்குது" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை எல்லோரும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் அம்மா எங்கள் வீட்டில் நோன்பு நாளின் ஒருசந்திக் கஞ்சி குடித்தார். உப்புப் போதாது என்றார். ஈஸ்டர் முடிந்துதான் ஊருக்குப் போனார்.

எனக்குத்தான் கஷ்டகாலம். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஒரு பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிடித்திருந்த சிகரெட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஊட்டியில் ஒரு வர்க்கி பேக்கரியில் வேலை கிடைத்தது. அடுப்புப் பக்கம் நின்று உடம்பும் தேறியது. "இனி நீங்க எதுக்கும் ஆகமாட்டீங்க" என்று அத்தை வருத்தப்பட்டார்.

சில வருடம் கழித்து சர்க்கரை அவரைப் படுக்கையில் தள்ளியது. பாவங்களைச் சொல்லச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சாமியாரிடம், "சொல்ல எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல ஃபாதர். நீங்க வேணா சொல்லுங்க, கேக்கறேன்" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

நடுவட்டத்திலிருந்து அம்மா முதல் பஸ்ஸில் வந்து, பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அத்தையின் தலையைத் தன் கையால் வாரி, கொண்டை போட்டார். படுத்தபடியே வரைந்ததில் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைத் துடைக்க என் மனைவி துணி எடுத்தபோது, "அது இருக்கட்டும்" என்று தடுத்தார்.

அடக்கம் முடிந்து வந்து வீட்டில் ஜெபமாலை சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு ஜெபமும் தெரியாது. பிரார்த்தனை மாலையில் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது மற்றவர்கள் பதில் சொல்கிற ஒரே வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, ஒரு மூச்சு தள்ளி, கூட்டத்திலேயே உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."