ஓரெஸ்ட் வசிலிஷின் தன் பாட்டரிக்குச் செய்த பணிவிடை

அக்டோபரில் நன்றித் திருநாள் வான்கோழியைத் தின்று முடித்த மறுநாள், எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் டிரெய்லருக்குள் தலையை விட்டபடி நிற்பார்கள். கோடை முழுவதும் லாரிக்குப் பின்னால் கட்டி ஏரி ஏரியாக இழுத்துப்போன சின்ன வீடுகள் அவை. இனி ஏழு மாதம் பனியில் கிடக்கும். குழாய்த் தண்ணீரை வடிக்க வேண்டும், எலி நுழையும் ஓட்டையை அடைக்க வேண்டும், கடைசியாக முன்பக்கப் பெட்டியிலுள்ள பாட்டரியை என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் ஊர் இரண்டு மதமாகப் பிரிந்து கிடந்தது. அதில் ஒரு மதத்துக்கு ஓரெஸ்ட் வசிலிஷின் தலைவர். தலைவரைத் தவிர அந்த மதத்தில் வேறு ஆள் கிடையாது.

ஓரெஸ்ட் முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். எங்கோ ஒரு ஆணி தளர்ந்திருக்கும் என்ற கவலையோடு கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியைப் பாதி நடந்தே கடந்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது ரயில்வே தண்டவாளத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. கவலையை அவரிடமே விட்டுவிட்டது. அது வீட்டில் கொஞ்ச நாள் சுற்றித் திரிந்துவிட்டுப் பாட்டரியின் மேல் போய் உட்கார்ந்தது.

அக்டோபரில் அவர் கழற்றுவது முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. சோடா மாவு கரைத்த தண்ணீரில் மேல்பக்கம் துடைப்பார். உலர்ந்த துணியால் ஒற்றுவார். பிரசவ வார்டிலிருந்து வெளியே வரும் தகப்பனைப்போல இரண்டு கையிலும் ஏந்தி, நிலவறைப் படியில் பக்கவாட்டாக இறங்குவார். அங்கே சிமென்ட் தரையில் ஒரு பைன் பலகை, பலகைமேல் மடித்த துண்டு. சிமென்ட் தரை பாட்டரியின் சக்தியை உறிஞ்சிவிடும் என்பது அவருடைய அப்பாவின் வாக்கு. அப்பா காலத்துப் பாட்டரிக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போதுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை எதுவாக இருந்தால் என்ன என்று பக்கத்து வீட்டு லோர்ன் பத்து வருஷமாகச் சொல்லிவந்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன் பேச்சை ரயில்வேக்காரர் கேட்பாரா?

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசையும் பெரோகிக் கொழுக்கட்டைச் சாப்பாடும் முடிந்தபின், அப்பா விட்டுப்போன பழைய சார்ஜரை மாட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சார்ஜருக்குத் தானாக நிற்கத் தெரியாது. ஆள்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் மூடிகளைத் திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் சொட்டுச் சொட்டாக விடுவார். மறுநாள் வோல்ட் பார்த்து, பாட்டரியில் ஒட்டியிருக்கும் காகித நாடாவில் தேதி போட்டு எழுதுவார். எங்கள் ஊரில் பல பேருக்கு இவ்வளவு ஒழுங்கான மருத்துவக் குறிப்பு கிடையாது.

லோர்னுடைய மதம் வேறு. அக்டோபரில் முழுக்கச் சார்ஜ் ஏற்றுவான். ஒயரைக் கழற்றிவிடுவான். அவனுடைய இரண்டு பாட்டரிகளும் டிரெய்லரிலேயே, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில், பனிக்கு அடியில் கிடக்கும்.

"டேய் லோர்ன், நாய்க்குக்கூட ஒரு குடிசை கட்டிக் குடுக்குறோம்."

"நாய் குலைக்கும் பெரியவரே. இது குலைக்குதா? முழுசா சார்ஜ் இருந்தா உறையாது. குளிர்ல தூங்குறத எழுப்பி எழுப்பித் தண்ணி குடுக்குறது நீங்கதான்."

"மே மாசம் பாப்போம்."

"போன மேயும் பாத்தோமே. ஓடிச்சே."

"அது உன் அதிர்ஷ்டம்," என்பார் ஓரெஸ்ட். பத்து வருஷமாக லோர்னுக்கு அதிர்ஷ்டம் அடித்துக்கொண்டிருந்தது.

போன பிப்ரவரியில் ஓரெஸ்டின் மனைவி ஆடலினுக்கு மூச்சு முட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சார்ஜரை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரப்போன நேரம், மேலே சமையலறையில் தட்டு விழும் சத்தம் கேட்டது. ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். அங்கே பத்தொன்பது நாள். அவள் படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி இருந்தது. அதிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னது பன்னிரண்டாம் நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் ஓரெஸ்ட் பாட்டரியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவருடைய வரலாற்றில் இதைத்தான் முக்கியமான நிகழ்ச்சி என்று நான் கருதுகிறேன்.

ஆடலினோடு மூச்சுக்கு உதவும் ஒரு சின்ன இயந்திரமும் வீட்டுக்கு வந்தது. தினமும் ராத்திரி முகமூடி மாட்டிக்கொண்டு அதோடுதான் தூங்க வேண்டும். ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைப் படுக்க வைத்துவிட்டு நிலவறைக் கதவைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சார்ஜர் முனகிக்கொண்டிருந்தது. பாட்டரியைத் தொட்டார், சுட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே தகடுகள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டி நின்றன. பத்தொன்பது நாள் கொதித்திருக்கிறது.

ஒரு வாரம் ஆறவிட்டார். தண்ணீர் ஊற்றினார். திரும்பச் சார்ஜ் ஏற்றினார். வோல்ட் பார்த்தால் பன்னிரண்டு புள்ளி ஏழு, முழுச் சார்ஜின் எண்; எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அது சொல்லாது. அதை நாடாவில் எழுதினார். நாற்றத்தை எழுதவில்லை, தகடுகளை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அறிக்கை, அதுவும் தனக்கே.

ஏப்ரலில் ஆடலின் ஒன்று கேட்டாள். அதிகம் கேட்கிறவள் அல்ல.

"மே லீவுக்கு எமெரி ஏரிக்குப் போகணும் ஓரெஸ்ட். பதினாலாம் நம்பர் இடம். காலைல எழுந்ததும் தண்ணியப் பாக்கணும்."

கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்கள் முகாம் போடும் இடம் அது. கதவைத் திறந்தால் ஏரி. ஆனால் அங்கே மின்சாரம் கிடையாது. மின்சாரம் உள்ள இடங்கள் மேட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில், சரளைக்கல் மைதானத்தில் இருந்தன. இந்த வருஷம் போனால்தான் உண்டு. அடுத்த வருஷத்தைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை, ஆடலினும் கேட்கவில்லை.

மகள் டார்லீன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நம்ம வாசல்லயே டிரெய்லர்ல அந்த மெஷின ஓட்டிக் காட்டுங்க. எட்டு மணி நேரம் ஓடிச்சுன்னா போங்க. இல்லாட்டி மேட்டுல கரண்ட் உள்ள இடம். இல்லாட்டி வீடு."

"எட்டென்ன, பதினாறு மணி நேரம் ஓடும்."

"எனக்கு எட்டு போதும்."

அவர் சோதனையைத் தள்ளிக்கொண்டே வந்தார். பனி கரையட்டும் என்றார், சேறு காயட்டும் என்றார். ஒருவழியாக, கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமையே விடிகாலை ஐந்து மணிக்கு இயந்திரத்தை மாட்டினார். ஆளில்லாத முகமூடி மெத்தைமேல் கிடந்து மூச்சு விட்டது. எதிரே மடக்கு நாற்காலியில் ஓரெஸ்ட். ஏழு மணிக்குச் சத்தம் கொஞ்சம் தணிந்தது. காது மந்தம் என்று நினைத்துக்கொண்டார். ஏழே முக்காலுக்கு முகமூடி மூச்சை நிறுத்தியது.

அதை மடித்து மெத்தைமேல் ஒழுங்காக வைத்தார்.

பிறகு லாரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நீண்ட வார இறுதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தங்கள் பாட்டரி செத்துப்போனதை எங்கள் மாகாணம் முழுவதும் ஒரே காலையில் கண்டுபிடிக்கும் நாள். பாட்டரி அடுக்கும் தட்டில் தூசி மட்டும் இருந்தது. அடுத்த ஊர்க் கடைக்குப் போன் போட்டார்கள். அங்கே தூசியும் இல்லை.

ஒன்பது மணிக்கு லோர்ன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஜூலைக்கு முன்னால் ஏரித் தண்ணீரில் குளிர் போகாது என்பது லோர்ன் கட்சி. அதனால் அவன் டிரெய்லர் கொல்லையிலேயே நின்றது. காபிக் கோப்பையோடு வெளியே வந்தான்.

"என்ன பெரியவரே, கிளம்பலியா? பாட்டரிக் குழந்தைக்குக் குல்லா கிடைக்கலியா?"

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி கழற்றுவது கோயிலிலும் சாவு வீட்டிலும் மட்டும்தான். லோர்ன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"கொன்னுட்டேன் லோர்ன். பிப்ரவரில சார்ஜர்ல விட்டுட்டுப் போயிட்டேன். மூணு மணி நேரங்கூட ஓடல. அவளுக்குத் தண்ணியப் பாக்கணுமாம்."

பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு அத்தனையும் லோர்னின் தொண்டைவரை வந்து நின்றதை அவன் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். பெட்டிக்கு மேல் காய்ந்த இலையும் ஒரு எலிக்கூடும் இருந்தன. வோல்ட் பன்னிரண்டு புள்ளி ஆறு. ஓரெஸ்ட் மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மீட்டர் மாற்றிச் சொல்லவில்லை.

சோதனை திரும்பவும் நடந்தது. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை முகமூடி நிற்காமல் மூச்சு விட்டது. டார்லீன் கடிகாரத்தோடு வந்து பார்த்தாள். காகித நாடா இல்லாத, எலிப்புழுக்கை ஒட்டிய பாட்டரியையும் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டு, "மறுபடி சார்ஜ் ஏத்திட்டுக் காலைல கிளம்புங்க," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பதினாலாம் நம்பரில் இறங்கினார்கள். அக்கரையில் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி மிதந்தது.

ஞாயிறு காலை ஆடலின் கதவைத் திறந்தபோது, ஓரெஸ்ட் வெளியே மர மேசையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவள் கன்னத்தில் முகமூடி வார் பதிந்த கோடு இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. அதைவிட நல்ல காட்சியை அந்த ஏரி அவருக்குக் காட்டியதில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நல்லாத் தூங்கினேன். உன் பாட்டரி தாக்குப் பிடிச்சிடுச்சே."

ஓரெஸ்ட் மீட்டரை மேசையில் வைத்தார். "அது லோர்னோடது."

"தெரியும். அவன் பொண்டாட்டி வெள்ளிக்கிழமையே போன் பண்ணிட்டா."

"என்னோடது செத்துப்போச்சு."

"அதுவும் தெரியும். பிப்ரவரிலயே நிலவறைல நாத்தம். மூச்சுதான் வரல எனக்கு, மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் ஏரிக்குப் போகணும்னு கேட்ட?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன்." அவள் படியில் மெதுவாக இறங்கி, ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினாள். "இன்னிக்கி ராத்திரிக்கி?"

"பன்னெண்டு புள்ளி ரெண்டுதான் இருக்கு. ஹீட்டர் விசிறியும் அதுலதான் ஓடுது. ரெண்டாவது ராத்திரி தாங்காது. லோர்ன் மத்தியானம் இன்னொண்ணக் கொண்டாரான்."

"தொண்ணூறு கிலோமீட்டரா? அதுக்கு என்ன கேட்டான்?"

"வாய மூடிக்கிட்டு இருக்கணுமாம். அக்டோபர்ல அவன் பாட்டரியப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசப்படாதாம்."

"உன்னால முடியுமா?"

ஓரெஸ்ட் ஏரியைப் பார்த்து நன்றாக யோசித்தார். நேர்மையான மனிதர்.

"வர்ற புதன்கிழமை வரைக்கும் முடியும்," என்றார். எழுந்துபோய் அவளுக்குக் கை கொடுத்தார். இருவரும் தண்ணீர் ஓரத்துக்கு நடந்தார்கள். முப்பதடி தூரத்துக்கு வழியில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது.