அட்டைப் படம் எடுத்த கதை

கட்டுகஸ்தோட்டையில் இன்று பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்குக் கிட்ட இருக்கும் தமிழ்ப் புத்தகக் கடைக்குள் ஏறினேன்.

கடைக்கார நானாவைத் தவிர உள்ளே யாருமில்லை. முன்பு நாவல்கள் இருந்த அலுமாரியில் இப்போது பாதிக்கு மேல் பள்ளிக்கூடக் கொப்பிகள்.

சில நாவல்களைப் புரட்டினேன், பிடித்திருந்தன. போனை எடுத்து அட்டைகளைப் படம் பிடித்தேன். வீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்குமா என்று தேடத்தான்.

நானா கண்டுவிட்டார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழும்பி வந்து லைட்டைப் போட்டார். அட்டைகளைத் துணியால் துடைத்து, புத்தகங்களை மேசையில் வரிசையாக வைத்தார்.

"இப்ப எடுங்க தங்கச்சி, நல்லா விழும். பேஸ்புக்ல போடத்தானே? போடுங்க, பார்த்திட்டு நாலு பேராவது வருவாங்க."

"ஆமா நானா" என்றேன்.

"கடைப் பேரும் விழுற மாதிரி ஒண்ணு எடுங்களே."

சொல்லிவிட்டு அந்த மழையிலேயே வெளியே இறங்கி, போர்டை மறைத்துத் தொங்கிய ஸ்கூல் பைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்தது. கூசிக்கொண்டே படம் எடுத்தேன்.

ஒரு நாவலை வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நானா பேஸ்புக்கில் இதைப் பார்த்தால் வாசித்துக்கொள்ளட்டும்.

படங்கள் கீழே. லைக் போட்டுவிட்டுப் போகாமல் யாராவது கடைக்குப் போங்கள். அந்தப் பக்கம் முகம் காட்ட எனக்குக் கொஞ்ச நாளாகும்.