சைமி வாங்கிய ஒரு லட்சம் லூமன்

வடக்கே எங்கள் ஊரான கூசிலம்பியில் சைமி டார்ச்சை எடுத்தால் ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அப்படி ஒரு பெயர் எடுத்திருந்தாள். டாக்சியில், சமையலறையில், கட்டிலுக்கடியில், விறகுக் கொட்டகையில் என்று எங்கே கைவிட்டுத் துழாவினாலும் ஒரு டார்ச் கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை டாக்சியில் கொண்டுபோய் விடுவது அவள் பிழைப்பு. காலையில் கிளம்பும்போதும் இருட்டு, பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வரும்போதும் இருட்டு. நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் சூரியன் சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். மற்றவர்கள் அதோடு ஒத்துப் போய்விட்டார்கள். சைமி ஒத்துப் போகிற ஜாதி இல்லை.

அவள் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் அர்மாஸ். அவளுடைய கணவர். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆள் வாட்டசாட்டம். பகலில் செய்தித்தாளில் பொடி எழுத்தைக்கூடப் படிப்பார். வெளிச்சம் மங்கியதும் கண் கைவிட்டுவிடும். இது இனிமேல் கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் சௌனா என்ற ஆவிக்குளியல் குடிலுக்குப் போகிற பாதை மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும். போன குளிர்காலத்தில் அவர் பாதை தவறி விறகுக் குவியலில் முட்டி, புருவம் கிழிந்து வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. விறகு குறுக்க வந்துடுச்சு."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா என்ன?"

"நான் என்ன உன் டாக்சியில வர்ற ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?"

சனிக்கிழமை ஆவிக்குளியலுக்குத் தன் காலால் நடந்து போக முடியாத மனுஷன் எதற்கு உயிரோடு இருக்கணும் என்று ஒரு தடவை முணுமுணுத்தார். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. சைமி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்துதான் அவள் வெளிச்சம் வாங்க ஆரம்பித்தாள். ஒன்று போதவில்லை என்றால் அதைவிடப் பெரிது, அதுவும் போதவில்லை என்றால் இன்னும் பெரிது.

கடைசியாக இணையத்தில் கண்ணில் பட்டது, ஒரு லட்சம் லூமன் வெளிச்சம் தரும் என்று போட்டிருந்த அந்த டார்ச். முழங்கை நீளத்துக்கு அலுமினியக் குழாய். பெட்டியில் தயாரித்தவன் பேரும் இல்லை, ஊரும் இல்லை. சார்ஜரில் ஒரு முத்திரைகூட இல்லை. விலையோ நல்ல டார்ச்சின் விலையில் பாதி. ஒரு லட்சம் என்று போட்டிருந்தவன் வாய்க்கு வந்ததைப் போட்டிருக்கிறான் என்பது சைமிக்கும் தெரியும். ஆனால் முதல் நாள் அதைப் போட்டதும் அர்மாஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அட! பாதை தெரியுது சைமி. வேலிகூடத் தெரியுது. வேலிக்குப் பெயின்ட் அடிக்கணும்போல இருக்கே!"

அன்று அவர் தனியாக நடந்து சௌனாவுக்குப் போனார். சைமி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, காபி போட்டுக் குடித்தாள்.

அதற்கப்புறம் அந்த டார்ச் செய்கிற குற்றம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. பிடித்த கையைச் சுட்டது. கதகதப்பாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டாள். எவ்வளவு நேரம் சார்ஜில் கிடந்தாலும் சிவப்பு விளக்கு பச்சையாகவே மாறவில்லை; பசி அதிகம் போல என்றாள். செல்லப் பிள்ளை செய்கிற தப்பை எந்தத் தாய் கண்டுகொள்கிறாள்?

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. குளிர் மைனஸ் இருபத்தைந்துக்குப் போயிருந்தது. டார்ச் பகல் முழுக்க டாக்சியின் டிக்கியில் கிடந்து, மேலெல்லாம் உறைபனி பூத்திருந்தது. எங்கள் பக்கம் எது உறைந்தாலும் நனைந்தாலும் சௌனாவின் முன்னறைக்குத்தான் போகும். பூட்ஸ், கையுறை, மீன்வலை, ஏன், கார் பேட்டரியைக்கூட அங்கே கொண்டுபோய் வைத்து உயிர் கொடுப்பார்கள். இதில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதே கிடையாது. சைமியும் டார்ச்சை முன்னறைப் பலகையில், துண்டுகளுக்குக் கீழே வைத்து, உறைந்தது இளகுவதற்கு முன்பே சார்ஜரைச் செருகினாள். அர்மாஸை இன்னொரு டார்ச் காட்டி அழைத்து வந்து உள்ளே விட்டாள். அவர் உள்கதவைச் சாத்திக்கொண்டு, மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, ஆவி கிளம்பச் சூடான கல்லடுப்பில் தண்ணீர் ஊற்றினார். அவள் குளித்ததும் சுட்டுத் தின்ன சாசேஜ் எடுக்க வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்து வெளிக்கதவைத் திறந்தபோது நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாடை குப்பென்று அடித்தது. டார்ச் சீறிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சியது. ஓடிப்போய் எடுத்துப் பனியில் எறியத்தான் கை நீண்டது. இரண்டு பக்கமும் மூடிய அந்தக் குழாய்க்குள் நெருப்பு அடைபட்டிருக்கிறது என்று புத்தி சொன்னதும் கையை இழுத்துக்கொண்டாள். கதவை அறைந்து சாத்தினாள். சௌனாவின் வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இடுப்பளவு பனியில் சௌனாவைச் சுற்றி ஓடி ஏரிப்பக்க ஜன்னலை அடித்தாள்.

"லைட்டை ஏன் அணைச்ச?" என்றார் உள்ளேயிருந்து அர்மாஸ்.

"கதவைத் திறக்காத! முன்னறையில தீ! ஜன்னல் வழியா வா!"

"இந்த ஜன்னல் வழியா பூனைதான் வரும்."

"நீ வருவ! கையை நீட்டு கிழவா!"

"துண்டு முன்னறையில இருக்கே?"

"உன்னை நான் பார்க்காததா? வா!"

கை வந்தது, தலை வந்தது, தோள் வந்தது. வயிற்றில் சிக்கிக்கொண்டது. சைமி சுவரில் காலை ஊன்றி, பிள்ளைகளின் சறுக்குவண்டியை டிக்கியிலிருந்து உருவுகிற மாதிரி உருவினாள். வியர்வை வழவழப்பாக இருந்ததால் தப்பித்தார். இருவரும் பனியில் போய் விழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரைப் பாதையில் பக்கத்து வீட்டு வில்யோ சறுக்குவண்டியை உதைத்துக்கொண்டு போனார். சௌனாவிலிருந்து வந்து உடம்பெல்லாம் ஆவி பறக்க, பிறந்த மேனியாகப் பனியில் புரளும் மனிதனை எங்கள் ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

"ஆவி நல்லா இருக்கா அர்மாஸ்?"

"தீப்பிடிச்சிருக்கு வில்யோ!"

"சனிக்கிழமைன்னா அப்படித்தான் இருக்கணும்!" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்தார்.

வெடித்தது அப்போதுதான். வில்யோவின் வண்டி தானாகத் திரும்பியது. அவரும் சைமியும் மண்வெட்டியால் பனியை வாரி வாரிக் கொட்டினார்கள். அர்மாஸ் சைமியின் கோட்டைப் போர்த்திக்கொண்டு, கண் தெரியாத இருட்டில் நின்று, "இடப்பக்கம் போடு, இடப்பக்கம்!" என்று புகை வாடையை வைத்தே வழி சொன்னார். ஊர்த் தீயணைப்புக் குழு வந்து மிச்சத்தை அணைத்தது. முன்னறை போனது, உள்ளறை பிழைத்தது. குழுத் தலைவர் ரைமோ உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சைமியைக் கூப்பிட்டார். டார்ச்சின் பின்மூடி உள்கதவைத் துளைத்துக்கொண்டு போய், அர்மாஸ் உட்கார்ந்திருந்த பலகைக்குப் பின்னால் சுவரில் பதிந்திருந்தது.

"உறைஞ்ச பேட்டரியை அப்படியே சார்ஜ்ல போட்டியா?"

"போட்டேன்."

"நிறைஞ்சதும் போதும்னு நிறுத்துற சார்ஜராவது இருந்துச்சா?"

"இல்ல."

"சைமி, நீ இதைக் கட்டிலுக்கடியில வெச்சுச் சார்ஜ் பண்ணாம இருந்தியே, அதுவே பெரிய விஷயம்" என்றார் ரைமோ. சைமி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கேயும் வைத்துச் சார்ஜ் செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உனக்கு வழி தெரியணும்னு வாங்கினேன் அர்மாஸ். அதுவே உன்னைக் கொன்னிருக்கும்."

"இத்தனை வருஷமா உன் மீன் சூப்பைக் குடிச்சே நான் சாகல. டார்ச்சா கொல்லும்?" என்றார் அவர். ஆனால் சட்டைப் பொத்தானை மூன்று தடவை தப்பான துளையில் மாட்டினார்.

மறுவாரம் சந்தேகத்துக்கு இடமான டார்ச்சையெல்லாம் பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். நல்ல கடையில் வாங்கிய சின்னது ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் வெளிச்சம் அர்மாஸுக்கு எட்டாது. இனிமேல் சனிக்கிழமை என்ன செய்வது என்று அவள் மனம் கிடந்து தவித்தது. அர்மாஸ் ஒரு பகலில் படகுக் கயிற்றை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போய், சௌனாக் கதவில் முடிந்தார். திருப்பம் வருகிற இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு.

முன்னறைக்குப் புதுப் பலகை அடித்து முடித்த சனிக்கிழமை, கும்மிருட்டில் கயிற்றைப் பிடித்து விசிலடித்தபடி இறங்கினார். சாசேஜ் தட்டோடு பின்னால் கிளம்பிய சைமி, அவருக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, டார்ச்சைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். கயிற்றைத் தொடவும் இல்லை. தெரிந்த பாதைதானே என்ற நினைப்பு. ரெண்டாவது திருப்பத்தில் கால் பாதையை விட்டது. இடுப்புவரை பனியில் இறங்கிவிட்டாள்.

விசில் நின்றது.

"சைமி? எங்க இருக்க?"

"இங்கதான். விழுந்துட்டேன். இரு, டார்ச்சைப் போடுறேன்."

"வேணாம். அசையாம இரு. நான் வர்றேன்."

காலடிச் சத்தம் முடிச்சு முடிச்சாக ஏறி வந்தது. ஒரு பெரிய கை இருட்டில் நீண்டு, முதலில் அவள் தொப்பியைத் தொட்டது, பிறகு தோளை, பிறகு கையைப் பிடித்தது. ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினார். பிடித்த கையை விடவில்லை.

"சாசேஜ் விழுந்துடுச்சா?"

"விழல."

"அப்போ வா. கல்லு சூடு ஆறிடப் போகுது."